பாத்திரத்துக்கு ஓர் உத்தியோகம்

என்னுடைய நாவல் ஒன்றில் திருநங்கை ஒருத்தி வருகிறாள். இரண்டே பக்கம். ஓடுகிற ரயிலில் கையைத் தட்டிக்கொண்டு வந்து, கதாநாயகனிடம் பத்து ரூபாய் வாங்கி, அவன் தலையில் கை வைத்து ஆசீர்வதித்துவிட்டுத் திண்டிவனத்தில் இறங்கிப் போய்விடுகிறாள். அந்த இரண்டு பக்கங்களைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. 'மனிதாபிமானம் ததும்பும் இடம்' என்று ஒரு விமர்சகர் எழுதியிருந்தார். அந்த வரியை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன்.

போன வருஷம் ஒரு வாசகியிடமிருந்து கடிதம் வந்தது. தாமும் ஒரு திருநங்கை என்றும், சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் இரவு ஷிப்டில் வேலை பார்ப்பதாகவும் எழுதியிருந்தார். நாவலை இரண்டு தடவை படித்தாராம். குறை சொல்ல விரும்பவில்லையாம். ஒரே ஒரு சந்தேகம்: "ஐயா, உங்கள் கதையில் டீ விற்கிற பையனுக்குக்கூட ஒரு வேலை இருக்கிறது. அந்த அக்காவுக்கு மட்டும் ஏன் ஒரு வேலையும் கொடுக்கவில்லை?"

அதற்குக் கீழே இன்னொரு கேள்வி. "எங்களில் படித்தவர்கள் பலருக்கு இந்தக் கம்ப்யூட்டர் தொழிலின் மேல் ஒரு மோகம் இருக்கிறது. அது ஏன் என்று என்றைக்காவது யோசித்தீர்களா?"

முதல் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டாவதற்குப் பதில் தயாராக இருந்தது. தயாராக இருந்ததாலேயே அதன்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. 'யந்திரத்துக்கு ஆண் என்றும் பெண் என்றும் தெரியாது; அது முகத்தைப் பார்க்காது; ஆகவே அங்கே நிம்மதி.' மேடையில் சொன்னால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் அந்த அம்மாள் கைதட்டலுக்காகக் கேட்கவில்லை. ஆகவே சில புத்தகங்களைத் தேடிப் படித்தேன். படித்ததில் எனக்குத் தோன்றிய அபிப்பிராயங்கள்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கையில் எடுத்தது ஆலன் டூரிங் என்ற ஆங்கிலேயக் கணித மேதை 1950 அக்டோபரில் 'மைண்ட்' என்ற தத்துவப் பத்திரிகையில் எழுதிய கட்டுரை. யந்திரம் சிந்திக்குமா என்ற கேள்வியை எழுப்பிய கட்டுரை என்று எல்லோருக்கும் பெயரளவில் தெரியும். அதை ஆரம்பத்திலிருந்து படித்தவர்கள் குறைவு என்றே எனக்குப் படுகிறது. ஏனென்றால் அந்தக் கட்டுரையில் வரும் விளையாட்டு யந்திரத்தில் ஆரம்பிக்கவில்லை. ஓர் ஆணிலும் ஒரு பெண்ணிலும் ஆரம்பிக்கிறது. இருவரும் ஓர் அறையில். கேள்வி கேட்பவர் வேறொரு அறையில். குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் பதில்கள் டைப் அடித்துத்தான் வரவேண்டும். இருவரில் யார் பெண் என்று கேட்பவர் கண்டுபிடிக்க வேண்டும். ஆணோ தன்னைப் பெண் என்று நம்பவைக்கப் பார்ப்பான். கேட்பவர் தலைமயிரின் நீளத்தைக் கேட்கிறார். ஆண் கொஞ்சமும் தடுமாறாமல் ஒரு பெண்ணின் கூந்தலை வர்ணிக்கிறான். அந்த ஆணின் இடத்தில் ஒரு யந்திரத்தை வைத்தால் என்ன ஆகும் என்ற கேள்வி இதற்கெல்லாம் அப்புறம்தான் வருகிறது.

கதை எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு அந்த முதல் பக்கம் பிடித்துப்போயிற்று. கம்ப்யூட்டர் என்ற சாதனத்தைப் பற்றிய பெரிய சிந்தனைகளில் ஒன்று, ஒரு திரையும், திரைக்குப் பின்னால் தன்னை வேறாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு மனிதனுமாகத் தொடங்கியிருக்கிறது. (அந்த விளையாட்டைத் தமிழில் நடத்துவது சுலபம் என்றும் தோன்றியது. ஆங்கிலத்தில் 'அவனுடைய அல்லது அவளுடைய' மயிர் என்று கேட்டாக வேண்டியிருக்கிறது. நமக்கு 'அவருடைய' போதும். மரியாதை கொடுத்த மாத்திரத்தில் ஆண் பெண் வித்தியாசம் மறைந்துபோகிற பாஷை நம்முடையது.)

ஆனால் டூரிங்கை இந்த விஷயத்துக்குச் சாட்சியாக இழுக்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அவர் ஆணை நேசித்த ஆண். பால் மாறியவர் அல்லர். இரண்டும் வெவ்வேறு விஷயம். 1952இல் அவர்மேல் வழக்குத் தொடுத்து, சிறைக்குப் பதிலாக என்று சொல்லிப் பெண் ஹார்மோனை மருந்தாக ஏற்றினார்கள். 1954 ஜூனில் இறந்துபோனார். அரசியின் மன்னிப்பு 2013இல் வந்தது. கட்டுரையின் திரை அவரைக் காப்பாற்றவில்லை.

அடுத்தது ஸ்டெஃபனி ஷெர்லி என்ற அம்மாள் எழுதிய சுயசரிதை. 1939இல் குழந்தை அகதியாக இங்கிலாந்துக்கு வந்தவர். 1962இல் ஆறு பவுன் முதலில், வீட்டிலிருந்தபடியே பெண்கள் புரோகிராம் எழுதித் தரும் கம்பெனி ஒன்றை ஆரம்பித்தார். ஸ்டெஃபனி என்று கையெழுத்திட்டுப் போன கடிதங்களுக்குப் பதில் இல்லை. கணவர் சொன்ன யோசனைப்படி 'ஸ்டீவ்' என்று கையெழுத்திட்டார். பதில்கள் வர ஆரம்பித்தன. ஸ்டீவைப் பார்க்க வந்தவர்களுக்கு முன்னால் ஓர் அம்மாள் வந்து நின்று கைகுலுக்கினாள். வீட்டில் குழந்தை அழும் சத்தம் போனில் கேட்காமலிருக்க, டைப் அடிக்கும் ஓசையைப் பதிவு செய்து பின்னணியில் ஓடவிட்டாராம். இந்த ஒரு விவரத்துக்காகவே அந்தப் புத்தகத்துக்குக் கொடுத்த விலை தகும். முதல் முந்நூறு ஊழியர்களில் மூன்று பேர்தான் ஆண்கள். 1975இல் ஆண் பெண் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் வந்தபோது, அது இவருடைய கம்பெனிமேல் பாய்ந்து, ஆண்களையும் சேர்க்கும்படி ஆயிற்றாம்! ஹாஸ்யம் எழுதுகிறவன் கற்பனை செய்தாலும் இவ்வளவு பொருத்தமாக அமையாது.

நம் ஊர் வாசகர்களுக்கு இது புதிதாக இராது. பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் என்ஜினீயராக இருந்த ரங்கராஜன் மனைவியின் பெயரைப் போட்டுக்கொண்டு சுஜாதா ஆனது எல்லோருக்கும் தெரியும். தமிழில் கம்ப்யூட்டரைப் பற்றி வீட்டுப் பேச்சைப் போல எழுதிப் பழக்கியவர் ஒரு பெண் பெயரில் எழுதிய ஆண் என்பது யோசித்துப் பார்த்தால் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

ஸ்டீவ், சுஜாதா, டூரிங்கின் விளையாட்டில் வரும் ஆண் - மூவரையும் வரிசையாக வைத்துக்கொண்டு 'பார், இந்தத் தொழிலில் யார் வேண்டுமானாலும் எந்தப் பெயரிலும் இருக்கலாம்' என்று கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். பாதியில் பேனா நின்றுவிட்டது. இவர்கள் எல்லோருமே சாயங்காலம் வேஷத்தைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வீட்டுக்குள் போகிறவர்கள். எனக்குக் கடிதம் எழுதியவருடைய விஷயம் தலைகீழ். அவருக்குப் பழைய பெயர்தான் வேஷம். அதைக் கழற்றியதற்குத்தான் தண்டனை.

அந்தக் கடிதத்திலேயே ஒரு பெயரைக் குறிப்பிட்டிருந்தார்: லின் கான்வே. அவர் தம்முடைய சொந்த இணையப் பக்கத்தில் பகுதி பகுதியாக எழுதி வைத்திருக்கும் வாழ்க்கைக் குறிப்புகளை அதற்கப்புறம்தான் படித்தேன்.

கான்வே 1938இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தார். ஆண் குழந்தை என்று வளர்க்கப்பட்டவர். அது பிசகு என்று சிறுவயதிலேயே அவருக்குத் தெரியும். எம்.ஐ.டி.யில் படிக்கும்போது பெண்ணாக வாழ முயன்று, மருத்துவ உதவி கிடைக்காமல், மனமொடிந்து படிப்பைப் பாதியில் விட்டுப் போனார். பிறகு கொலம்பியாவில் படித்துப் பட்டம் வாங்கி, 1964இல் ஐ.பி.எம். கம்பெனியில் சேர்ந்தார். கல்யாணம், இரண்டு பெண் குழந்தைகள். உலகத்திலேயே வேகமான கம்ப்யூட்டர் ஒன்றை உருவாக்கும் ரகசியத் திட்டத்தில் வேலை. 1968இல், இனிப் பெண்ணாக வாழப்போகிறேன் என்ற முடிவைத் தெரிவித்தபோது கம்பெனி அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டது. குடும்பமும் போயிற்று, குழந்தைகளைப் பார்க்க முடியாமல் போயிற்று. சிகிச்சைக்குப் பிறகு, புதிய பெயரில், முப்பது வயதில், அனுபவம் என்று காட்டிக்கொள்ள ஒன்றுமில்லாதவராக வேலை தேடினார். ஒப்பந்த அடிப்படையில் புரோகிராம் எழுதும் வேலை கிடைத்தது.

இவ்வளவும் பத்திரிகைகளில் வந்த கதை. எழுதியவர்கள் பெரும்பாலும் சிகிச்சையில் ஆரம்பித்துக் கண்ணீரில் முடிக்கிறார்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் படித்தேன். அவருடைய குறிப்புகளில் பக்கம் பக்கமாகச் சர்க்யூட் வருகிறது. அவற்றைத் தள்ளிவிட்டு, அறுவை எப்போது, அழுகை எங்கே என்று தேடினேன். வெட்கக்கேடுதான், ஆனால் உண்மை. இரண்டாம் தடவை, என்ஜினீயரிங் படிக்கும் தம்பி மகனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, தள்ளிய பக்கங்களைப் படித்தேன்.

"இது லேசுப்பட்ட விஷயமில்லை, பெரியப்பா" என்றான் அவன். நான் புரிந்துகொண்டதை என் பாஷையில் சொல்கிறேன். யந்திரத்துக்குக் கட்டளைகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஒன்று தாமதித்தால் பின்னால் வருவதெல்லாம் காத்து நிற்கும். வீட்டில் சமைக்கிறவள் அப்படி நிற்பதில்லை. உலை கொதிக்கிறவரை காய் நறுக்குகிறாள். புளி ஊறுகிறவரை தேங்காய் துருவுகிறாள். எது எதற்காகக் காத்திருக்க வேண்டும், எது வேண்டாம் என்று அவளுக்குத் தெரியும். இலையில் பரிமாறும்போது எல்லாம் முறைப்படி வந்துவிடும். யந்திரத்துக்கு இந்தச் சாமர்த்தியத்தைக் கற்றுக்கொடுக்கும் ஒரு வழியைத்தான் கான்வே கண்டுபிடித்து, 1966 பிப்ரவரியில் சகாக்களோடு சேர்ந்து எழுதி வைத்தார். இன்றைக்கு நம் மேஜைமேல் இருக்கும் கம்ப்யூட்டர்களில் அந்த மாதிரி யோசனைதான் ஓடுகிறது.

கான்வே எழுத்தாளர் அல்லர். நடை வறண்டது, ஒன்றை இரண்டு இடத்தில் சொல்லுவார், தம் திட்டங்களின் வெற்றியைப் பற்றிக் கொஞ்சம் ஜாஸ்தியாகவே நிச்சயத்தோடு பேசுவார். குழந்தைகளைப் பிரிந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் நின்றிருக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. ஆனால் வேலையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்ததும் அந்த வறட்சி போய்விடுகிறது. ஒரு பிரச்னை எப்படிப் பிடிபட்டது, யாரிடம் ஓடிப்போய்ச் சொன்னார், கரும்பலகையில் என்ன வரைந்தார் - மூச்சு விடாமல் எழுதுகிறார். அந்த இடங்களில் அவர் ஆணும் அல்ல, பெண்ணும் அல்ல. தம் உடம்பையே மறந்துபோன ஒரு மனுஷி. என் வாசகியின் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். இந்தத் தொழிலின் வசீகரம் யந்திரம் நம் முகத்தைப் பார்க்காது என்பதில் மட்டும் இல்லை. அதன் முன்னால் உட்கார்ந்தால் நாமே நம் முகத்தை மறந்துவிட முடிகிறது. காலையிலிருந்து இரவுவரை எதிர்ப்படுகிறவர்கள் எல்லாம் உடம்பையே ஞாபகப்படுத்திக்கொண்டிருக்கும்போது, எட்டு மணி நேரம் வேறொன்றில் ஆழ்ந்து கிடப்பது சின்ன விஷயமா?

இன்னொரு காரணமும் உண்டு. அது அவ்வளவு அழகானதல்ல. அறுபதுகளின் கடைசியில் புரோகிராம் எழுதத் தெரிந்தவர்களுக்குப் பெரிய தட்டுப்பாடு. பசித்தவன் சமையற்காரியின் ஜாதகத்தைக் கேட்பதில்லை. வேலை தெரியுமா தெரியாதா என்பது உட்கார வைத்த சில நாட்களில் வெளிச்சமாகிவிடும்; சிபாரிசும் பூர்வோத்தரமும் அவ்வளவாகத் தேவைப்படவில்லை. இதைத் தொழிலின் பெருந்தன்மை என்று சொல்லுகிறவர்களை நான் நம்பமாட்டேன். கான்வேயை வெளியே அனுப்பியதும் கம்ப்யூட்டர் கம்பெனிதானே! யந்திரத்துக்கு ஒன்றும் தெரியாது, வாஸ்தவம். சம்பளப் பட்டியல் போடுகிறவருக்குத் தெரியும்.

புதுப் பெயரில் அவர் மேலே வந்த வேகம் ஆச்சரியமானது. 1973இல் ஸீராக்ஸ் கம்பெனியின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சிசாலை. கார்வர் மீட் என்ற பேராசிரியரோடு சேர்ந்து, ஆயிரக்கணக்கான டிரான்ஸிஸ்டர்களை ஒரே சில்லில் அடுக்கும் வித்தையைச் சாதாரண மாணவனும் கற்கும்படி எளிமைப்படுத்தினார். 1978இல் அதைப் பாடமாக நடத்த அழைத்தது எம்.ஐ.டி.; இருபது வருஷங்களுக்கு முன் மனமொடிந்து படியிறங்கிப் போன அதே இடம். அங்கே ஒருவருக்கும் அது தெரியாது. நாவலில் நான் இப்படி எழுதினால் 'செயற்கையான திருப்பம்' என்று எழுதுவார்கள். கையால் எழுதிய பாடக் குறிப்புகளோடு வகுப்புக்குப் போனார். மாணவர்கள் தாங்களே வரைந்த சில்லுகள், பாடம் முடிந்த சில வாரங்களில் செய்து முடித்து அவர்கள் கைக்கே வந்து சேர்ந்தன. 1980இல் மீட், கான்வே இருவர் பெயரிலும் வெளிவந்த பாடப் புத்தகம் எத்தனையோ கல்லூரிகளுக்குப் போயிற்று. 1985இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியை ஆனார்.

இத்தனை காலமும் ஐ.பி.எம்.மில் செய்ததைப் பற்றி வாய் திறக்கவில்லை. திறந்தால் அன்று தாம் யார் என்று சொல்ல வேண்டிவரும். எந்தத் தொழிலில் வேலை தன் எஜமானனின் முகம் இல்லாமலே நிற்குமோ, அந்தத் தொழிலில் எஜமானன் காணாமல் போவதும் சுலபம். முகம் கேட்காத இடம் என்று நாம் புகழ்வதற்கு இது இன்னொரு பக்கம். அந்தப் பழைய திட்டத்தை 1969இல் கம்பெனியே கைவிட்டுவிட்டது. அதன் காகிதங்களைக் கான்வே மட்டும் வீடு மாறும்போதெல்லாம் தூக்கிக்கொண்டு அலைந்து பத்திரமாக வைத்திருந்தார்.

1998 முடிவில், அவர் ஓய்வு பெறும் சமயத்தில், மார்க் ஸ்மாதர்மன் என்ற பேராசிரியர் அந்தத் திட்டத்தின் சரித்திரத்தைத் துருவிக்கொண்டிருப்பது கான்வேக்குத் தெரியவந்தது. தகவல்கள் அரைகுறையாகத்தான் கிடைத்திருந்தன. முழுசும் கான்வேயின் பெட்டியில். பெட்டியைத் திறந்தால் வேலை பிழைக்கும், ரகசியம் போய்விடும். மூடி வைத்தால் ரகசியம் பிழைக்கும், அந்த இளவயது உழைப்பு யாருடையது என்று தெரியாமலே போகும். முப்பது வருஷம் காப்பாற்றிய மௌனத்தை அவர் வேலைக்காக உடைத்தார். அனுதாபத்துக்காகவோ புரட்சிக்காகவோ முதலில் உடைக்கவில்லை. தாம் எழுதிய ஒரு பழைய அறிக்கைக்குச் சொந்தம் கொண்டாடுவதற்காக! சிகிச்சையில் ஆரம்பிக்கும் கட்டுரையாளர்கள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். கதையின் உச்சம் இதுதான் என்பது என் கட்சி.

ஐ.பி.எம். 2020 அக்டோபரில் மன்னிப்புக் கேட்டது. கான்வேக்கு அப்போது எண்பத்திரண்டு வயது. 2024 ஜூனில் காலமானார்.

இனி என்னுடைய அந்த இரண்டு பக்கங்களுக்கு வருகிறேன். அர்ஜுனன் பேடியாக விராட நகரத்துக்குப் போகிறான். வியாசர் அவனை அரண்மனை வாசலில் கையேந்த விடவில்லை. பிருகன்னளை என்று பெயர் கொடுத்து, உத்தரைக்கு நாட்டியம் சொல்லிக்கொடுக்கும் உத்தியோகத்தையும் கொடுக்கிறார். அந்த வருஷம் முழுக்க அவனுக்குச் செய்ய ஒரு காரியம் இருக்கிறது. நான் இருபத்தோராம் நூற்றாண்டில் உட்கார்ந்துகொண்டு அதைக்கூடச் செய்யவில்லை. உடம்பைக் கொடுத்தேன், துயரத்தைக் கொடுத்தேன், தட்டுவதற்கு இரண்டு கையைக் கொடுத்தேன். லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான், வித்யா' 2007லேயே வந்துவிட்டது. பிச்சையும் உடலை விற்பதும் அல்லாத ஒரு வேலை வேண்டும் என்ற தாகம் அந்தப் புத்தகம் முழுக்க ஓடுகிறது. அதைப் படித்து உருகிவிட்டு, அப்புறம்தான் என் நாவலை எழுதினேன். படித்தது கைக்கு இறங்கவில்லை.

ரயிலில் கை தட்டுகிறவர்களே இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கிறார்கள். 2014 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அவரவர் பாலை அவரவரே சொல்லிக்கொள்ளும் உரிமையை ஒப்புக்கொண்டது. 2019இல் சட்டமும் வந்தது. ஆனாலும் என் வாசகி வேலைக்குப் போன முதல் நாள், சர்டிபிகேட்டில் இருந்த பெயருக்கும் எதிரே நின்ற ஆளுக்கும் சம்பந்தம் சொல்லவே முற்பகல் முழுதும் போயிற்றாம். கம்ப்யூட்டரை மதியம்தான் கண்ணால் பார்த்தாராம்.

இதையெல்லாம் எழுதி, அந்தப் பாத்திரத்துக்கு என்ன வேலை கொடுக்கலாம் என்று அவரையே கேட்டேன். ஒரு வாரத்தில் பதில் வந்தது. "நான் பார்க்கிற வேலையையே கொடுங்கள், ஐயா. டெஸ்டிங். மற்றவர்கள் எழுதியது சரியாக ஓடுகிறதா என்று ஓட்டிப் பார்த்து, எந்த இடத்தில் தப்பு என்று குறித்து அனுப்புவது. உங்கள் நாவலிலும் அதைத்தான் செய்தேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்."

இரண்டாம் பதிப்புக்கு அந்த அத்தியாயத்தைத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன். திண்டிவனத்தில் அவளை இறக்கிவிட முடியவில்லை. இரவு ஷிப்ட் ஒன்பது மணிக்கு, அவள் தாம்பரம் போயாக வேண்டும். கதாநாயகனிடம் ரூபாய் கேட்கவில்லை. ஜன்னல் ஓரம் தனக்குப் பதிவான இடம் என்று சொல்லி அவனை எழுப்பிவிட்டாள். அவன் கொஞ்சம் முறைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கிறான். வண்டி இப்போதுதான் மேல்மருவத்தூரைத் தாண்டியிருக்கிறது; அதற்குள் பதினோரு பக்கம் ஆகிவிட்டது. காகிதம் விற்கிற விலையில் இது அவசியமா என்று பதிப்பாளர் நேற்றுப் போனில் கேட்டார்.